கட்டுப் போடும் முன் காலின் சத்தத்தைக் கேளுங்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் மாமா ஒருவர். சுகர் உண்டு, பீடியும் உண்டு. தோட்டத்து ஏற்றத்தில் பத்து மரம் தாண்டினால் கெண்டைக்கால் உருட்டிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். "நரம்பு இழுக்குது" என்றே சொல்லிவந்தார். கணுக்காலில் புண் வந்ததும் ஓரிடத்தில் வெரிகோஸ் (நரம்புச் சுருட்டு) என்று சொல்லி, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கட்டைப் பிரித்தபோது பெருவிரல் கறுத்திருந்தது.

கால் புண் பார்க்கும் நர்ஸ் நான். கட்டுச் சுற்றும் கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைபட்ட காலை இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் குறையும். அந்த அடைப்பைக் கட்டுக்கு முன்பே கண்டுபிடிக்கும் வழி இது.

பேனா போன்ற புரோப் உள்ள 8 மெகாஹெர்ட்ஸ் கையடக்க டாப்ளர் (ரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி), பிபி கஃப் (பிபி பார்க்கச் சுற்றும் பட்டை), ஜெல் போதும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து 10 நிமிடம் விடுங்கள். மழையில் நனைந்து வந்தவருக்குப் போர்வை போடுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிவிடும்.

உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு இடம், பாதத்தின் மேலே ஒரு இடம். புரோபின் முனை தலைப்பக்கம் பார்க்க, 45 முதல் 60 டிகிரி சாய்த்து மெதுவாக வையுங்கள். அழுத்தினால் குழாயே மூடிவிடும். நல்ல தமனி சாட்டை வீசியதுபோல் சட்டென்று எழும்பும், பின்னாலேயே சின்னதாக இன்னொரு சத்தம் வரும். அடைப்புக்குக் கீழே அது மந்தமான ஒற்றை முனகல். தென்னை ஓலையில் காற்று படுகிற மாதிரி மூச்சோடு ஏறி இறங்கினால் அது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய். புரோபைக் கொஞ்சம் நகர்த்துங்கள். காது பழக நாளாகும். உங்கள் காலிலேயே தினமும் கேளுங்கள்.

பிறகு கணுக்காலுக்கு மேலே கஃப். சத்தம் நின்றபின் இன்னும் 20 ஏற்றி, மெல்ல இறக்குங்கள். சத்தம் திரும்பும் எண்ணைக் குறியுங்கள். இரண்டு கையிலும் டாப்ளராலேயே பாருங்கள். அந்தக் காலின் பெரிய எண்ணைக் கையின் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். மாமாவுக்குக் கால் 70, கை 140, அதாவது 0.5.

1.0 முதல் 1.4 வரை சரி. 0.9-ம் அதற்குக் கீழும் தமனி அடைப்பு. 0.8-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்காமல் இறுக்கமான கட்டு வேண்டாம். 1.4-ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள்: சுகர்காரர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கஃப்புக்கு அமுங்காமல் நிற்கிறது. அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கஃப் கட்டவே கூடாது. ரத்தக்கட்டி இருக்கலாம். ஸ்கேனில் புரோபால் அமுக்கும்போது நல்ல சிரை தட்டையாகும், கட்டி உள்ளது ஆகாது.

தமனி அடைப்பு எங்கே என்று கலர் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) காட்டும். சாரம் (லுங்கி) உடுத்துப் போனால் இடுப்பிலிருந்து பார்க்க வசதி. ஓரிடத்தில் ரத்த வேகம் அதற்குச் சற்று மேலே இருப்பதைவிட இரு மடங்கானால், குழாய் பாதிக்குமேல் சுருங்கியிருக்கிறது. மாமாவுக்கு அது முட்டுக்குச் சற்று மேலே தெரிந்தது. பலூன் வைத்துத் திறந்தார்கள். பெருவிரல் போயிற்று, பாதம் தப்பியது. வெரிகோஸ் சந்தேகமென்றால் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கெண்டைக்காலைப் பிசைந்து விட்டதும் ரத்தம் அரை நொடிக்குமேல் கீழே திரும்பினால் வால்வு பழுது.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஸ்கேன் டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே வண்டியை எடுங்கள்.