முதலில் வான் வண்டியில் இருந்து ரிங்கை இறக்குங்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மல்யுத்தப் பயிற்சிக்குப் புதிதாக வரும் பெடியன்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மேல் கயிற்றில் இருந்து பாயுறது எப்ப சொல்லித் தருவீங்க?" நான் வெளியே நிற்கும் வான் வண்டியைக் காட்டுவேன். அதற்குள் எங்கள் ரிங், அதாவது கயிறு கட்டிய சதுர மேடை, பாகம் பாகமாக: நான்கு இரும்புத் தூண்கள், ஆளுயரத்தை விட நீளமான சட்டங்கள், ஈரம் குடித்துக் கனத்துப்போன பலகைகள். "இதை இறக்கிப் பூட்டுங்கோ, பிறகு கதைப்போம்." பாதிப்பேர் அடுத்த கிழமை வருவதில்லை. வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆடும் இந்த மல்யுத்தத் தொழிலுக்குள் நான் லண்டனில் வந்து இருபது வருடத்துக்கு மேல். பெரிய கம்பனி எதிலும் இருந்ததில்லை. சமூக மண்டபம், கடற்கரை ஊர்களின் விடுமுறை முகாம், ஒரு தடவை மாட்டுச் சந்தைக் கொட்டகை, இவ்வளவுதான் என் மேடைகள். ஐடிவி தொலைக்காட்சி 1955 முதல் 1988 வரை மல்யுத்தம் காட்டியது. அது நின்ற பிறகு இங்கிலாந்தில் இந்தக் கலையைச் சாகவிடாமல் வைத்திருந்தது இப்படியான மண்டபங்களும் முகாம்களும்தான்.

பயிற்சிக்கூடம் தேடும்போது காசு கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக இருந்து பாருங்கள். இங்கே யாரும் பெயர்ப் பலகை மாட்டிப் பயிற்சியாளர் ஆகிவிடலாம், அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்று பிரிட்டிஷ் மல்யுத்தத்தைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது, நிலைமை இன்னும் ஏறக்குறைய அப்படியே. முதலுதவி படித்தவர் அங்கே இருக்கிறாரா? பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால் பயிற்சியாளருக்குக் குற்றப் பின்னணிச் சோதனை முடிந்ததா? இந்த இரண்டையும் வாய் திறந்து கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வாசல் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். முதல் மாதமே பார்வையாளர் முன் இறக்கிவிடுகிறேன் என்று ஆசை காட்டுகிறவரிடமும் நிற்க வேண்டாம்.

அப்புறம் விழப் பழக வேண்டும். மல்லாக்க விழுவதை நாங்கள் 'பம்ப்' என்போம். நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். முதுகின் மேல்பகுதிதான் தரையின் அடியை வாங்க வேண்டும், முழங்கையோ வால் எலும்போ அல்ல. கைகள் உடம்பில் இருந்து 45 பாகை விலகி, உள்ளங்கை கீழே பார்த்தபடி ஒரே நேரத்தில் அறைய வேண்டும். விழும்போது மூச்சை வெளியே விடுங்கள். பலகைக்கு மேல் ஒரு அங்குலப் பஞ்சும் ஒரு கான்வாஸும்தான் இருக்கின்றன. வலிக்கும். 'எல்லாம் நடிப்புத்தானே' என்று சொல்லும் மச்சானை ஒருக்கால் விழச் சொல்லுங்கள், பிறகு கதைக்க மாட்டார். நான் முதல் மூன்று மாதம் விழுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பிடிகளை இடது பக்கமாகவே போடப் பழகுங்கள். எதிராளியின் தலையைக் கக்கத்தில் பூட்டும்போது உங்கள் இடது கைதான் சுற்ற வேண்டும். இங்கேயும் அமெரிக்காவிலும் அதுதான் வழக்கம், மெக்சிகோவில் வலது பக்கம். முன்பின் தெரியாத இரண்டு பேர் பத்து நிமிடம் பேசிவிட்டு ரிங்குக்குள் போய் இருவரும் முழுசாகத் திரும்பி வருவது இந்த ஒழுங்கால்தான். எதிரே நிற்பவர் தன் கழுத்தை உங்கள் கையில் தருகிறார்.

ரிங்கில் நீங்கள் ஏற்கும் பாத்திரத்தை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். நல்லவனுக்கு இங்கே 'ப்ளூ ஐ' என்று பெயர், கெட்டவன் 'ஹீல்'. எனக்கு முதலில் தலைப்பாகையும் பாம்புக்கூடையும் தந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தான், பாம்பைக் கண்டால் ஓடுகிறவன், அது ஒட்டவே இல்லை. பிறகு நானே 'ட்யூஷன் மாஸ்டர்' ஆனேன். முழுக்கைச் சட்டை, கையில் அடிமட்டம், முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்து "கணக்கில் எத்தனை மார்க்ஸ்?" என்று ஒரு கேள்வி. லண்டன் ஹாரோவில் அந்தக் கேள்விக்கு எழும்பிய கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துதான் கத்தினார்கள், வாத்தியார் எல்லா ஊரிலும் வாத்தியார்தானே.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் பெட்ரோல் காசு கிடைத்தால் பெரிய விஷயம். நேரத்துக்கு முன்னே போங்கள், உடைமாற்றும் அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் கை கொடுங்கள், ரிங் பூட்ட உதவுங்கள். வரி ஆண்டில் வரவு 1,000 பவுணைத் தாண்டினால் சுயதொழில் என்று வரித்துறையில் பதிய வேண்டும். பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

சரி, சொந்தமாக நிகழ்ச்சி நடத்த ஆசை வந்துவிட்டது. மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவோடு போங்கள். ரிங் தளம் 3 அடி உயரம், அதற்கு மேல் கயிறு 4 அடி, அதில் ஏறி நிற்பவன் 6 அடி. 13 அடிக்குக் கீழே தொங்கும் விளக்கு எதுவும் உங்கள் விளக்கு அல்ல, அதை உடைத்ததற்கான பில்தான் உங்களுடையது. எனக்கு அந்தப் பில் வந்திருக்கிறது.

பிறகு அனுமதி. மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறது என்று நிர்வாகி சொன்னால், அதில் மல்யுத்தம் என்ற சொல் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கும் இசைக்கும் மட்டும் எடுத்த உரிமம் நமக்கு உதவாது. இல்லாவிட்டால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண். கொடுக்கும் நாளையும் நிகழ்ச்சி நாளையும் சேர்க்காமல் குறைந்தது 10 வேலைநாள் இருக்க வேண்டும். உள்ளே ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதில் மல்யுத்தக்காரரும் வாசலில் டிக்கெட் கிழிக்கும் உங்கள் தங்கச்சியும் அடக்கம். பொதுப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். அது பார்வையாளருக்கு அடிபட்டால்தான் கைகொடுக்கும், மல்யுத்தக்காரருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

என் முதல் நிகழ்ச்சியின் கணக்கைத் தருகிறேன். மண்டபம் 320, ரிங் வாடகை 300, பன்னிரண்டு மல்யுத்தக்காரருக்கு 540, நடுவர், அறிவிப்பாளர், முதலுதவியாளர் மூவருக்கும் 180, காப்புறுதி 120, சுவரொட்டி 70, கவுன்சிலுக்கு 21. மொத்தம் 1,551 பவுண். டிக்கெட் சராசரி 10 பவுண் என்பதால் 156 பேர் வந்தால்தான் கை கடிக்காது. வந்தது 61 பேர். 941 பவுண் போய்விட்டது. இடைவேளையில் அம்மாவின் மட்டன் ரோல்ஸ் மட்டும் ஒன்று மிச்சமில்லாமல் விற்றது. அடுத்த சுவரொட்டியில் என் பெயரை விட ரோல்ஸைப் பெரிதாகப் போட்டேன். கூட்டம் கூடியது. இதில் எனக்கு வெட்கமில்லை.

ஆறு போட்டி போதும், இடைவேளையோடு இரண்டே கால் மணி நேரம். முதல் போட்டியில் உங்களிடம் இருக்கும் சுறுசுறுப்பான ப்ளூ ஐயை இறக்குங்கள், சனம் கத்திப் பழகட்டும். இடைவேளைக்கு முந்தியதில் ஹீல் அநியாயமாக ஜெயிக்க வேண்டும். வயிற்றெரிச்சலோடு எழும்பும் சனம் ரோல்ஸ் வரிசையில் நின்று அதைப் பற்றியே கதைக்கும். இடைவேளை முடிந்த உடனே சிரிப்புப் போட்டி வையுங்கள், பாதிப்பேர் இன்னும் கதிரைக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள். கடைசிப் போட்டிக்கு முன்னால் அதைப்போன்ற இன்னொன்றை வைத்து அதன் காற்றைப் பிடுங்காதீர்கள்.

நடுவர் இரண்டு கையையும் குறுக்காகத் தூக்கினால் அடி உண்மை என்று பொருள். பாட்டை நிறுத்துங்கள், போட்டியையும் நிறுத்துங்கள். ஒரு வருடம் நான் அதைக் கண்டும், கடைசிப் போட்டி என்பதால் இன்னும் இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். அடிபட்ட தம்பிக்கு அன்றிரவு தான் வந்த வழி நினைவில்லை. குணமாகிவிட்டான், என்னோடு கதைக்கிறான், ஆனால் நான் செய்தது பிழை. 2023இல் பிரிட்டனில் வந்த வழிகாட்டல்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அந்த ஆள் இறங்கிவிட வேண்டும், 24 மணி நேரம் கார் ஓட்டக் கூடாது, 21 நாளுக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. "எனக்கு ஒன்றுமில்லை அண்ணா" என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். கேட்காதீர்கள்.

கடைசிச் சனம் வெளியேறியதும், ரிங்கைக் கழற்றுவதற்கு முன், பெயர் எழுதிய சம்பள உறைகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். 61 பேர் வந்த இரவிலும் அப்படித்தான், என் கடன் அட்டையில் எடுத்த காசு அது. அப்புறம் கயிறு, கான்வாஸ், பலகை, சட்டம், தூண் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஆணிகளை ஒரு வாளியில் போட்டு எண்ணுங்கள். எங்கள் ரிங்குக்கு 32. இரவு பதினொன்றுக்கு 31 வந்தால் எல்லோரும் முழங்காலில் இருந்து தேட வேண்டும்.