ஷிப்மென்ட்டா, தரமா, ஆளா, பணமா? பனியன் கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஒரு இழுபறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். சரக்கு வாங்குகிற பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தேதி, செக்கிங் ஆளுக்குத் தரம், அக்கவுண்ட்ஸ்காரருக்குக் கையில் பணம், பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவருக்குச் சனிக்கிழமை சம்பளமும் ஞாயிறு லீவும். நாலு பேர் சொல்வதும் நியாயம்தான். முதலாளி நடுவில் உட்கார்ந்து "சரி, இந்த மாசம் ஷிப்மென்ட் மட்டும் போகட்டும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் பாருங்கள், நான் பார்த்தவரை முக்கால்வாசி வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் என்றால் இந்த நாலும் ஒன்றை ஒன்று தின்று வாழ்பவை. தேதிக்காக ஒன்றரை ஷிப்டை ரெண்டு ஷிப்ட் ஆக்குகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் தைக்கும் பீஸில் தையல் விட்டுப்போகும், எண்ணெய்க் கறை படியும், சைஸ் லேபிள் மாறும். செக்கிங்கில் அதைப் பிடித்தால் ஆல்டருக்கு, அதாவது சரிசெய்து தைக்க, திரும்பும், பிடிக்காமல் பெட்டிக்குள் போய்விட்டால் பையரின் ஆள் வந்து பிடிப்பார். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும், ஏற்றுமதியில் பரவலாக உள்ள ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப்படி 5,000 பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ள பீஸ் 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் லாட்டே ஃபெயில். அப்புறம் கட்டிய பெட்டியை எல்லாம் பிரித்து, மறுபடி பார்த்து, மறுபடி கட்டி முடிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போயிருக்கும், சரக்கை நம் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டி வரும். அந்த ஆர்டரின் லாபம் அதோடு போச்சு. பணம் இறுக்கமானதும் பிரிண்டிங்காரருக்கும் எம்ப்ராய்டரிக்காரருக்கும் பில் நிற்கும். அடுத்த ஆர்டருக்குத் துணியைக் கொண்டுபோய் இறக்கினால், பணம் ஒழுங்காகக் கொடுக்கிறவரின் வேலையை முடித்துவிட்டுத்தான் நம்முடையதைத் தொடுவார்கள். திரும்பவும் தேதி தள்ளும். எந்தத் தேதிக்காக மற்ற மூன்றையும் ஒதுக்கி வைத்தோமோ அதுவும் கைவிட்டுப் போகிறது.

அடுத்த தவறு, சத்தம் போடுகிறவருக்கு முதலிடம் கொடுப்பது. பையர் நாளுக்கு நாலு மெயில் போடுவார், பேங்க்காரர் போன் செய்வார். மெஷின் அப்படிப் பேசாது, ஊசியும் பெல்ட்டும் சொல்லிவிட்டுத் தேய்வதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து டெய்லராக இருக்கிற பையன் மெயில் போட மாட்டான், சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான். "திங்கக்கிழம எத்தன பேர் வருவாங்கன்னு தெரியலீங்ண்ணா" என்று சூப்பர்வைசர் சொல்லும்போதே விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பேசாத பக்கத்துக்கு ஒரு எண் வேண்டும். இந்த வாரம் எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள், எத்தனை மணி நேரம் மெஷின் நின்றது, நூறு பீஸில் எத்தனை ஆல்டர் என்று மூன்று எண் போதும், பெரிய சாப்ட்வேர் எல்லாம் தேவையில்லை, ஒரு போர்டும் சாக்பீஸும் இருந்தால் சரி.

ஆளுக்கு ஒரு இலக்கைப் பிரித்துக் கொடுப்பதும் ஆபத்துதான், அதுவும் பார்க்க ரொம்ப ஒழுங்கான நிர்வாகம் மாதிரியே தெரியும். புரொடக்ஷன் இன்சார்ஜுக்குப் பீஸ் எண்ணிக்கை, குவாலிட்டி ஆளுக்குக் குறை கண்டுபிடிப்பது, பர்ச்சேஸ் ஆளுக்கு நூல் விலையைக் குறைப்பது. மூன்று பேரும் இலக்கைத் தொட்டுவிடுவார்கள், கம்பெனி நஷ்டப்படும். மலிவாக வாங்கிய நூல், துணி பின்னும் நிட்டிங்கில் அறுந்தால் துணியில் ஓட்டை விழும், அது கட்டிங் டேபிளில்தான் தெரியும், ஆனால் பர்ச்சேஸ் ஆளின் கணக்கில் அது மிச்சமாகவே நிற்கும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள்: ஆல்டருக்குத் திரும்பாமல் முதல் தடவையே பேக்கிங்குக்குப் போன பீஸ் எத்தனை? இந்தக் கணக்கை யாரும் தனியாக ஜெயிக்க முடியாது. செக்கிங்கையும் கடைசியில் வைக்காமல் லைனுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று நானே சொல்லத் தேவையில்லை, இந்தக் கணக்கை வைத்தால் அவர்களே கேட்பார்கள்.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரிப்பதைச் சமநிலை என்று நினைக்கிறோம். காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி போட்டுத் தடுத்து, ஒரு காட்டில் மாட்டை விட்டு, புல் இறங்கியதும் அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். மேய்கிற காலத்தில் முழுக்க மேயும், ஓய்வு கொடுக்கிற காலத்தில் முழுக்க ஓய்வு. கம்பெனியிலும் சீசன் நேரத்தில் தேதி பக்கம் சாய்வது தப்பே இல்லை, எல்லா மாதமும் எல்லாம் சமமாக இருக்கவும் முடியாது. ஆனால் ஆர்டர் குறைந்த மாதத்தில் மெஷின் சர்வீஸையும், ஆட்களுக்கு லீவையும், புது ஆளுக்குப் பயிற்சியையும் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். நாம் சாய்வதற்கு மட்டும் ஒரு தேதி குறிக்கிறோம், திரும்புவதற்குக் குறிப்பதில்லை.

பில் தாமதமாக வருகிற விஷயங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதன் விலை என்ன என்பதை இந்த ஊரை விட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யலில் வருஷக்கணக்காகச் சாயக்கழிவு போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது, கீழே உள்ள விவசாயிகளுக்குக் கிணறும் காடும் கெட்டன. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றுவரை "ஏற்றுமதி வேண்டுமா, ஆறு வேண்டுமா" என்று பேசிக்கொண்டிருந்தோம். சாயம் நின்றதும் நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரைக்கும் தடைப்பட்டது, தண்ணீர் இல்லாமல் ஏற்றுமதியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. மூலமும் ஆவியாக்கியும் பிரித்த தண்ணீர் மறுபடி சாயத்துக்கே போகிறது. செலவு அதிகம்தான், சாயக் கூலியில் அது ஏறத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் செலவை விலை பேசும்போதே சேர்த்துவிடலாம், மூடிய பட்டறையை எந்தக் கோட்டேஷனில் சேர்ப்பது?

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நமக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரரின் பில்லை இழுத்தடிப்பது இலவசக் கடன் மாதிரித் தெரியும். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006 சட்டம். அந்தக் கெடு தாண்டினால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்டலாம் என்று வருமான வரி விதியும் இப்போது வந்துவிட்டது. வரிக்காக மட்டும் சொல்லவில்லை. காஜா பட்டன் போடுகிறவர் நாலு மெஷினை வைத்துக் குடும்பத்தோடு ஓட்டுகிறவராக இருப்பார், அவர் வாரச் சம்பளம் கொடுக்க முடியாமல் ஆளை விட்டுவிட்டால் நம் பீஸ்தான் அங்கே முடங்கிக் கிடக்கும்.

இதையெல்லாம் நெருக்கடி நாளில் முடிவு செய்யவே கூடாது. தலை சூடாக இருக்கும்போது எல்லோருக்கும் தேதி மட்டும்தான் கண்ணில் படும். தொடர்ந்து எத்தனை இரவு ஓட்டலாம், ஆல்டர் எவ்வளவு ஏறினால் லைனை நிறுத்தலாம், எந்தப் பில் எந்த நிலையிலும் நிற்கக் கூடாது என்ற மூன்று எல்லைக் கோடுகளையும் ஆர்டர் இல்லாத ஒரு மதியத்தில் சூப்பர்வைசரையும் டெய்லர்களையும் உட்கார வைத்துப் பேசிப் போடுங்கள். போட்டு மெர்ச்சண்டைசர் கையில் கொடுங்கள், பையரிடம் தேதி ஒப்புக்கொள்வது அவர்தான்.