நாடு விழுந்து கிடக்கிற நேரத்தில ஜனாதிபதித் தேர்தல்ல நிக்கிறதெண்டா என்ன செய்யோணும்: திருகோணமலையில இருந்து சொல்லுறன்

2022 நடுப்பகுதியில எங்கட பக்கத்து மண்ணெண்ணெய் செட்டுக்கு முன்னுக்கு இருந்த வரிசையப் பாத்தவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே விளங்கும். வரிசையில நிண்டது கான் மட்டும்தான். கைபிடிக்குள்ளால நைலோன் கயிறு விட்டு ஒண்டோட ஒண்டு கட்டி, ஒவ்வொண்டிலயும் பெயின்ட்டால பேர் எழுதி வச்சிருந்தாங்க, சிலதில போட் நம்பர், ஒரு சின்னக் கான்ல "மாமி" எண்டு மட்டும். ஆக்கள் மதிலோரம் நிழல்ல படுத்துக் கிடந்தாங்க, ரெண்டு நாள் மூண்டு நாள். அந்த வரிசைக்குப் பதில் சொல்ல ஏலுமெண்டு நினைக்கிறவங்களுக்கும், அவங்களுக்காக வீடு வீடா ஏறி இறங்கப்போற பொடியன் பெட்டையளுக்கும்தான் இத எழுதுறன். 2024 தேர்தல்ல நானும் எங்கட மாவட்டத்து மூண்டு தொகுதியிலயும் நடந்தன், அதில பட்டுத் தெரிஞ்சதுதான் கூட.

முதல்ல சட்டத்தப் பாருங்க, ஏனெண்டா ஆசை இருந்தா மட்டும் வேட்புமனு குடுக்க ஏலாது. அங்கீகரிக்கப்பட்ட ஒரு கட்சி உங்களை நிறுத்தோணும், சுயேச்சையா நிக்கிறதெண்டா நீங்க பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஆளா இருக்கோணும், இப்ப இல்லாட்டியும் எப்பவாவது இருந்திருக்கோணும். இரட்டைக் குடியுரிமை இருந்தா 21ஆவது திருத்தத்துக்குப் பிறகு கதையே இல்ல. கட்டுப்பணம் 2024ல கட்சிக்காரருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000. அந்தத் தொகை பெரிசில்ல, அதாலதான் 39 பேர் வேட்புமனு குடுத்தவங்க. பெரிய காசு பிரசாரத்துக்குத்தான், அத பிறகு சொல்லுறன்.

அடுத்தது ஒரு கொப்பி வாங்குங்க. மேடைப் பேச்சு எழுத முதல் இந்தக் கொப்பிய நிரப்பணும். விடிய அஞ்சு மணிக்கு உப்புவெளிப் பக்கம் இல்லாட்டி குச்சவெளிப் பக்கம் கரைக்குப் போங்க, போட் ஏறுற நேரம், கமரா இல்லாம. ஒரு அண்ணன் எனக்கு வாடிக்குள்ள மணல்ல விரலால கீறிக் காட்டின கணக்கு இன்னும் மறக்கேல்ல: ஒருக்கா கடலுக்குப் போய் வர 25 லீற்றர் மண்ணெண்ணெய், லீற்றர் 87 ரூபாவா இருக்கேக்க 2,175 ரூபா, 2022 ஆகஸ்ட்ல 340 ஆக்கினதும் அதே 25 லீற்றருக்கு 8,500. "மீன் பட்டாலும் படாட்டியும் இந்த எட்டாயிரத்தி ஐந்நூறு முதல்ல போயிரும் தம்பி" எண்டார். பொருளாதார நெருக்கடி எண்டு நாங்க சொல்லுறத அவர் அந்த ரெண்டு வரியில முடிச்சிட்டார். இப்பிடி ஒரு இருபது கணக்கு உங்கட கொப்பியில இருக்கோணும், கந்தளாய்ப் பக்கம் வெள்ளாமை செய்றவரோட கணக்கு வேற, 2021ல ரசாயனப் பசளை இறக்குமதிய ஒரே அடியா நிப்பாட்டினதில அவருக்கு ஒரு போகமே போச்சு, ஒரு அந்தர் யூரியா என்ன விலைக்கு எங்க எடுத்தவர், மூடை எத்தனை குறைஞ்சது எண்டு கேளுங்க. டவுன்ல இடியப்பம் அவிச்சு விக்கிற அக்காட்ட கேஸ் சிலிண்டரும் மாவும் கேளுங்க.

இத நான் ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்லுறன் எண்டா, நாடு சரிவரேக்க மேல இருக்கிறவங்க ஒரு இடத்தில பிழை விடுறாங்க. 2022 செப்டெம்பர்ல கொழும்பு விலைச்சுட்டெண் படி பணவீக்கம் 69.8 சதவீதம், ரெண்டு வருசம் கழிச்சு 2024 செப்டெம்பர்ல அது பூச்சியத்துக்கும் கீழ. கடதாசியில பாத்தா பெரிய வெற்றி, உண்மையாவே கஷ்டப்பட்டு எடுத்த வெற்றி. ஆனா பணவீக்கம் குறைஞ்சதெண்டா விலை ஏறுற வேகம் நிண்டதெண்டுதான் அர்த்தம், ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கினதெண்டு இல்ல. சம்பளம் அப்பிடியே, வற் வரி 18 சதவீதம். அதாலதான் வரிசைய இல்லாமலாக்கின, அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு 2024 தேர்தல்ல 17.27 சதவீதம்தான் கிடைச்சது எண்டு நான் நினைக்கிறன். நீங்க ஆட்சியில இருந்து நிக்கிற ஆளெண்டா இத முதல்ல விளங்கிக்கொள்ளுங்க, "இப்ப எல்லாம் சரி" எண்டு அந்த அக்காட்ட போய்ச் சொல்லவே சொல்லாதீங்க.

இப்ப வாக்குறுதி. நெருக்கடிக் காலத்தில வாக்குறுதி எழுதுறதுக்கு நான் ஒரே ஒரு முறைதான் சொல்லுவன்: கொப்பிப் பக்கத்த நடுவால கோடு போட்டுப் பிரியுங்க, இடப்பக்கம் என்ன குடுப்பீங்க, வலப்பக்கம் அந்தக் காசு எங்கயிருந்து வரும். வலப்பக்கம் வெறுமையா இருந்தா இடப்பக்கத்த வெட்டுங்க. 2019 முடிவில வற் வரிய 15ல இருந்து 8க்கு குறைச்சது கேக்க எவ்வளவு இனிமையா இருந்தது, நானும் சந்தோசப்பட்டன், வலப்பக்கத்த யாரும் பாக்கேல்ல, அரசாங்கத்துட வருமானம் விழுந்தது, கொரோனா வந்தது, டொலர் முடிஞ்சது, 2022 ஏப்ரல் 12ல வெளிநாட்டுக் கடன கட்ட ஏலாதெண்டு அறிவிச்சாங்க. அதுக்குப் பிறகு 2023 மார்ச்ல ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) நாலு வருசத்துக்கு கிட்டத்தட்ட 300 கோடி டொலர் ஒத்துக்கொண்டது, அதோட நிபந்தனையும் வந்தது. அதில முக்கியமானது, 2025ல இருந்து வட்டி கட்டுறதுக்கு முன்னுக்கான கணக்கில, அரசாங்கத்துட வருமானம் செலவை விட நாட்டுப் பொருளாதாரத்தில 2.3 சதவீதம் கூடவா இருக்கோணும். அதாவது நீங்க ஒரு சலுகை குடுக்கிறதெண்டா இன்னொரு இடத்தில காசு தேடோணும். "ஐஎம்எஃப்ப தூக்கி எறிவன்" எண்டு கத்தினா கை தட்டுவாங்க, ஆனா அடுத்த நாள் எரிபொருள் கப்பலுக்கு யார் காசு கட்டுறது? 2024ல முதல் ரெண்டு இடத்துக்கு வந்த அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் நிபந்தனைகளத் திருப்பிப் பேசுவம் எண்டுதான் சொன்னாங்க, வெளியேறுவம் எண்டு சொல்லேல்ல.

எங்கட ஊர் ஏன் உங்களுக்கு நல்ல பரீட்சை எண்டு இப்ப சொல்லுறன். இந்த மாவட்டத்தில திருகோணமலை, மூதூர், சேருவில எண்டு மூண்டு தொகுதி, தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டு சனமும் பஸ்ல ஒரு மணித்தியாலத்துக்குள்ள. காலமை கந்தளாய்ல ஒரு பேச்சு, மத்தியானம் கிண்ணியாவில இன்னொரு பேச்சு, பின்னேரம் டவுன்ல மூண்டாவது பேச்சு எண்டு பேசினா அண்டைக்கு இரவே போன்ல வீடியோ சுத்தும். ஒரு வேட்பாளர்ட நோட்டீஸ் எங்கட ஒழுங்கைக்கு வந்தது, சிங்களப் பக்கத்தில எண்ணெய்க் குதங்கள மீட்டெடுப்பம் எண்டு பெரிசா, தமிழ்ப் பக்கத்தில அந்த வரியே இல்ல, இருக்கிற வரிகளும் பிழையோட. வாசிச்ச அம்மா கண்ணாடியக் கழட்டிட்டு "எங்களுக்கு ஏன் இத சொல்லேல்ல" எண்டு கேட்டா, எனக்குப் பதில் இல்ல. அதால மூண்டு மொழியிலயும் ஒரே வரிகள், தமிழ்ல எழுதத் தெரிஞ்ச ஆள் எழுதி, இன்னொரு ஆள் வாசிச்சுப் பாத்தபிறகுதான் அச்சுக்குப் போகோணும்.

எண்ணெய்க் குதம் பற்றிக் கதைக்கிறதெண்டா முழுசாப் படிச்சிட்டு வாங்க. சீனக்குடாவில 99 தாங்கி, வெள்ளைக்காரன் காலத்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனிட இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 எங்கட அரசாங்கத்துட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துட்ட. அந்த ஒப்பந்தம் போட்டு ஆறு மாசத்துக்குள்ளதான் கான் வரிசை வந்தது. பெரிய துறைமுகமும் இத்தனை தாங்கியும் இருக்கிற ஊர்ல ஏன் எண்ணெய் இல்லாமப் போச்செண்டு சனம் கேக்கும், அதுக்கு "டொலர் இல்ல, தாங்கி இருந்தும் நிரப்பக் காசில்ல" எண்டு நேராச் சொல்லுங்க, இந்தியாவைத் திட்டித் தப்பாதீங்க.

தமிழ் ஆளா நிக்கிறதெண்டா இன்னொரு விசயத்தையும் முதலே முடிவு செய்யுங்க: செய்தி சொல்ல நிக்கிறீங்களா, வெண்டு ஆட்சி செய்ய நிக்கிறீங்களா? 1982 ஜனாதிபதித் தேர்தல்ல குமார் பொன்னம்பலம் 173,934 வாக்கு எடுத்தவர், 2024ல தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 226,343. செய்தி சொல்ல நிக்கிறது மரியாதையான காரணம்தான், ஆனா அரிசி விலைக்குப் பதில் இல்லாம உரிமைய மட்டும் கதைச்சா வயித்தில பசியோட இருக்கிறவங்க தலையாட்டிட்டு வேற ஆளுக்குப் போடுவாங்க, எங்கட மாவட்டத்தில முன்னுக்கு வந்தது சஜித் பிரேமதாச.

விருப்பு வாக்க, அதாவது முதல் ஆளுக்குப் பிறகு ரெண்டாம் மூண்டாம் ஆளுக்கும் இலக்கம் போடுற முறைய, விளங்கப்படுத்துங்க, இதுக்கெண்டே ரெண்டு கிழமை ஒதுக்குங்க. 2024ல அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் 32.76, யாரும் பாதி தாண்டேல்ல, அதால விருப்பு வாக்க எண்ண வரலாற்றில முதல்முறையா ரெண்டாவது எண்ணிக்கை நடந்தது. ஆனா ரெண்டாம் மூண்டாம் விருப்பு போட்டவங்க குறைவு. மாதிரி வாக்குச்சீட்டு அச்சடிச்சு 1, 2, 3 எண்டு இலக்கத்தால போட்டுக் காட்டுங்க, வயசான ஆக்கள்ட கையிலயே பேனையக் குடுத்து ஒருக்கா போடச் சொல்லுங்க, தேர்தல் நாளில அவங்களுக்குக் கை நடுங்காது.

காசு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு செலவுக்கு எல்லை இருக்கு, 2024ல வாக்காளர் ஒருத்தருக்கு 109 ரூபா, ஒரு கோடியே 71 லட்சம் வாக்காளருக்கு அது கிட்டத்தட்ட 186 கோடி. எல்லை அவ்வளவெண்டு அவ்வளவும் செலவழிக்கத் தேவையில்ல, வேலையில்லாம சனம் இருக்கேக்க ரோட்டு முழுக்க கட்-அவுட் வச்சா கோவம்தான் வரும். ஒவ்வொரு பில்லையும், வான் கூலி, சாப்பாட்டுப் பார்சல் உட்பட, அண்டண்டைக்கே எழுதுங்க, முடிவு வந்து 21 நாளுக்குள்ள செலவுக் கணக்கு குடுக்கோணும்.

அந்த 21 நாளுக்குள்ளயே வெண்டாலும் தோத்தாலும் ஒருக்கா இங்க வாங்க. கந்தளாய், கிண்ணியா, டவுன், பிறகு விடிய அஞ்சு மணிக்கு அந்தக் கரை. கொப்பியில 25 லீற்றர் கணக்கு இருக்கிற பக்கத்தத் திறந்து, இண்டைக்கு லீற்றர் எவ்வளவெண்டு அந்த அண்ணன்ட கேட்டு, பழைய கணக்குக்குக் கீழ எழுதிக்கொண்டு போங்க.