ஸ்டார் ட்ரெக்குக்குப் புதியவரா? எங்கிருந்து தொடங்குவது

போன மாதம் போயா விடுமுறைக்கு மச்சாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். அலுமாரியில் அடுக்கியிருந்த ஸ்டார் ட்ரெக் டிவிடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் பார்த்து முடிச்சிட்டீங்களா? நான் பார்க்கிறதெண்டா எங்கயிருந்து தொடங்கிறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளிக் கதை இது. இன்றைக்குத் தொடர்கள் மட்டும் பத்துக்கு மேல். அத்தியாயங்கள் 900ஐத் தாண்டும். திரையரங்குக்கு வந்த படங்கள் 13. புதிதாக வருகிற ஒருவரிடம் "முதலிலிருந்து வரிசையாகப் பார்" என்று சொல்வது, தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டு வந்தவரின் கையில் தொல்காப்பியத்தைக் கொடுத்து, முதல் சூத்திரத்திலிருந்து தொடங்கு என்பது மாதிரி.

என் தம்பிக்கு நான் அந்தத் தவறைச் செய்தேன். 1979இல் வந்த முதல் திரைப்படத்தைப் போட்டுக் காட்டினேன். அதில் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலை நிமிடக்கணக்கில் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். பல வருடம் அந்தக் கப்பலை நேசித்துக் காத்திருந்தவர்களுக்காக எடுத்த காட்சி அது. தம்பிக்கு அது வெறும் இரும்பு. பாதியில் எழுந்து போனவன், பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. அதனால் மச்சாளுக்கு வேறு வழியில் போனேன். அந்த வழி இதுதான்.

படி 1: முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் அத்தியாயத்தைத் தேடுங்கள்

"விஞ்ஞானப் புனைகதை பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான் வரும். அவர் வழக்கமாக எதைப் பார்ப்பார், எதைப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறப்பார் என்று விசாரியுங்கள். ஸ்டார் ட்ரெக்கில் எல்லா வகைக் கதையும் இருக்கிறது.

வழக்கு, வாதம் பிடித்தவருக்கு 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் 'த மெஷர் ஆஃப் அ மேன்'. டேட்டா என்ற இயந்திர மனிதன் தன்னைக் கழற்றி ஆராய விடமாட்டேன் என்கிறான். அவனுக்கு அப்படி மறுக்க உரிமை உண்டா, அல்லது அவன் படையின் உடைமையா என்று விசாரணை நடக்கிறது. போர்ப்படம் பார்ப்பவருக்கு முதல் தொடரில் 1966இல் வந்த 'பாலன்ஸ் ஆஃப் டெரர்'. நீர்மூழ்கிக் கப்பல் கதைகளில் வருவது போல, இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று மறைந்திருந்து வேட்டையாடும். குடும்பக் கதை பார்த்துக் கண்கலங்குகிறவருக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷனில் வரும் 'தி இன்னர் லைட்'. கப்டன் பிக்கார்ட் அரை மணி நேரத்துக்குள் வேறொரு உலகத்தில் ஒரு முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறார். எங்கள் அம்மா விண்வெளி என்றாலே எழுந்து போகிறவர். இதன் கடைசிக் காட்சியில் பிக்கார்ட் புல்லாங்குழலை நெஞ்சோடு அணைக்கிறபோது, அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

படி 2: முன்னுரை ஐந்து நிமிடம் போதும்

இவ்வளவு சொன்னால் போதும். எதிர்காலம். பூமியில் பசியும் போரும் ஓய்ந்துவிட்டன. பல உலகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக வாழ்கின்றன. அதன் கப்பல்கள் தெரியாத இடங்களுக்குப் போய்ப் புதியவர்களைச் சந்திக்கின்றன. முதல் தொடரில் கப்டன் கிர்க், உணர்ச்சியை அடக்கி வாழும் வல்கன் இனத்து ஸ்பொக், வைத்தியர் மெக்கோய். சுமார் நூறு வருடம் கழித்து நடக்கும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் கப்டன் பிக்கார்ட்.

வார்ப் என்றால் ஒளியைவிட வேகமாகப் போவது. டிரான்ஸ்போர்ட்டர் என்றால் ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் தோன்றுவது. ஒவ்வொரு கிழமையும் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் காசு போதாமல் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த வழி அது. இல்லாக்கொடுமையிலிருந்து பிறந்த யோசனை அறுபது வருடமாக நிற்கிறது.

மற்றபடி பாத்திரங்கள் பேசும் கலைச்சொற்களை விளங்கப்படுத்த வேண்டாம். கோயிலில் ஐயர் சொல்லும் மந்திரம் முழுக்க விளங்கியா நாங்கள் கும்பிடுகிறோம்?

படி 3: முதல் இரவு ஒரேயொரு அத்தியாயம்

மச்சாளுக்கு நான் எடுத்தது 'டார்மொக்'. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ஐந்தாம் பருவம், 1991. தமிழ் படித்த யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

டமேரியர் என்று ஒரு இனம். கப்பலில் எந்த மொழியையும் பெயர்க்கும் கருவி இருக்கிறது; அவர்களுடைய சொற்களையும் அது பெயர்த்துத் தருகிறது. ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டார்மொக்கும் ஜலாட்டும், டனாக்ராவில்" என்கிறார் அவர்களுடைய கப்டன். "ஷாகா, மதில்கள் விழுந்தபோது" என்கிறார். அவரும் பிக்கார்டும் ஒரு வெற்றுக் கிரகத்தில் தனியாக அகப்படுகிறார்கள். இரவு, குளிர். பிக்கார்டுக்கு நெருப்பு மூட்ட வரவில்லை. மற்றவர் தன் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அவர் பக்கம் எறிந்து, "டெம்பா, கைகளை விரித்தபடி" என்கிறார்.

இந்த இடத்தில் மச்சாள் ரிமோட்டை வாங்கினாள். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. இவர் கதையை வைச்சுத்தான் பேசுறார். 'பாரி, தேரை விட்டு இறங்கினபோது' எண்டு நாங்கள் சொன்னால், பாரியைத் தெரியாதவனுக்கு என்ன விளங்கும்? தேர் விளங்கும், இறங்கினது விளங்கும். குடுத்தது விளங்காது."

பிக்கார்ட் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவள் வந்துவிட்டாள். படத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் பேசினோம். நீதி கேட்பதற்கு "கண்ணகி, கையில் ஒற்றைச் சிலம்போடு". தன்னையே கொடுப்பதற்கு "கர்ணன், கவசத்தை அறுத்தபோது". காணாமலே வளர்ந்த நட்புக்கு அவள் சொன்னது, "கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையாருக்கு இடம் விட்டு". வடக்கிருந்து உயிர்விடப் போன சோழன், இன்னும் வந்து சேராத நண்பனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்ன கதை. பிளேன்டீ ஆறிப்போனது. 45 நிமிட அத்தியாயத்தை இரண்டு மணித்தியாலம் பார்த்தோம். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

புதிதாகப் பார்க்கிறவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். கதை நிற்கிற இடத்தில்தான் அவர் உள்ளே வருகிறார். அன்றிரவே இரண்டாவதைப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் அது அவருக்குள்ளே ஓடட்டும்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவருக்கும் திரையில் எழுத்து ஓடவிடுங்கள். வேற்றுலகப் பெயர்கள் காதில் தங்காது, கண்ணில் தங்கும்.

படி 4: இரண்டாவது கதை கனமாக இருக்கலாம்

இங்கே எங்கள் ஆட்களுக்கென்றே ஒன்றைச் சொல்கிறேன். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் 1993இல் தொடங்கியது. பேஜோர் என்ற உலகத்தை கார்டாசியர்கள் அரை நூற்றாண்டு ஆண்டு, உறிஞ்சிவிட்டு, இப்போதுதான் போயிருக்கிறார்கள். கதை போர் முடிந்த இடத்தில் தொடங்குகிறது. தலைமறைவுப் படையில் சண்டை பிடித்த கீரா என்ற பெண், இப்போது சீருடை போட்டு மேசைக்குப் பின்னால் இருந்து நிர்வாகம் செய்யவேண்டும்.

முதல் பருவத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயம் 'டூயட்'. ஒரு கார்டாசியன் மருந்து தேடி வருகிறான். அவனுக்கு இருக்கும் வருத்தம் ஒரேயொரு வதைமுகாமில் இருந்தவர்களுக்குத்தான் வரும். கீரா அவனைப் பிடித்து அடைக்கிறாள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பெரும்பாலும் அவ்வளவுதான் காட்சி. யார் என்ன செய்தான், யார் கேட்டுக்கொண்டிருந்தான், யார் பொறுப்பு என்று இருவரும் பேசுகிறார்கள். இந்த நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பார்த்து முடித்ததும் மச்சாள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டில் இழப்பு உள்ளவர்களுக்கு இதைப் போடுமுன் கதை எதைப்பற்றியது என்று சொல்லி, பார்க்கிறாயா என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: இனி வரிசை

இரண்டு கதை பிடித்தவருக்கு வரிசை வேண்டும். நெக்ஸ்ட் ஜெனரேஷனை மூன்றாம் பருவத்திலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு பருவங்களும் ஏற்ற இறக்கம் உள்ளவை. 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் இரண்டாம் பருவம் சுருங்கியும் போனது. பாத்திரங்கள்மேல் பிரியம் வந்தபிறகு அந்தப் பழைய பருவங்களுக்குத் திரும்பினால், அதே குறைகள் தொந்தரவு செய்யாது. டீப் ஸ்பேஸ் நைனை மட்டும் வரிசையாகவே பார்க்கவேண்டும். போகப்போக அது ஒரே நீண்ட கதை.

1966இன் முதல் தொடரை, அட்டைப் பாறைகளைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த நாளில் ஒரு ரஷ்யரும், ஜப்பானிய வம்சாவளி சூலுவும், கறுப்பினப் பெண் அதிகாரியான உஹுராவும் ஒரே கப்பலில் வேலை செய்ததைக் காட்டிய தொடர் அது. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், விலகப்போன தன்னை மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். 1969இல் வந்த ஒரு அத்தியாயத்தில், முகத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான இருவர், எந்தப் பாதி எந்தப் பக்கம் என்பதற்காக ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். பூச்சு மொத்தமானது, கதை இன்னும் சுடுகிறது. படங்களில் 1982இல் வந்த இரண்டாவது படத்தோடு தொடங்குங்கள். அதற்கு முதல் நாள், வில்லன் கான் முதன்முதலில் வரும் 'ஸ்பேஸ் சீட்' என்ற 1967 அத்தியாயத்தைப் பார்த்துவிடவேண்டும்.

மச்சாள் இப்போது நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாம் பருவத்தை முடித்துவிட்டாள். அது ஒரு கப்பலையும் கப்டனையும் அந்தரத்தில் விட்டு முடிகிற பருவம். நேற்றிரவு பதினொரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்தது: "டெம்பா, கைகளை விரித்தபடி." நாலாம் பருவப் பெட்டியைப் பையில் வைத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டுபோகிறேன்.