என்பிஏ 2கே: நிஜம் மாதிரி இல்லை என்று சொல்வதற்கு முன்னால்

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளி, கல்லூரி கோர்ட்டில் சாயங்காலம் பாஸ்கெட்பால் ஆடிவிட்டு, ராத்திரி வீட்டில் என்பிஏ 2கே என்கிற பாஸ்கெட்பால் வீடியோ கேம் போடுகிற பையன்களிடம் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு: “என்னலே இது, நிஜ ஆட்டம் மாதிரியே இல்லையே.” முக்கால்வாசி நேரம் கோளாறு கேமில் இல்லை. எந்த மோடில், எந்த செட்டிங்கில் ஆடுகிறோம் என்று பார்க்காமல் உட்காருவதில்தான் இருக்கிறது.

முதல் தவறு குவார்ட்டர் நேரம். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவில் ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கால் பகுதி, 12 நிமிடம், மொத்தம் 48. கேமில் நாம் பாட்டுக்கு 5 நிமிடம் வைத்து ஆடினால் மொத்தம் 20 நிமிடம்தான். இன்றைய என்பிஏ அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 110 புள்ளிக்கு மேல் எடுக்கிறது. அதே வேகத்தில் 20 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஐம்பதைக்கூடத் தொடாது. ஸ்கோர் குறைகிறதே என்று உடனே ஷாட் எவ்வளவு எளிதில் விழும் என்று தீர்மானிக்கிற ஸ்லைடர் செட்டிங்கை ஏற்றுவார்கள். அப்புறம் கூடைக்கு அடியில் ஆடுகிற சென்டர்கூட மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சரம் சரமாகப் போடுவான். இருபது ஓவர் மேட்சில் டெஸ்ட் ஸ்கோரைத் தேடுகிற வேலை இது.

ஒரு அணியை எடுத்து சீசன் முழுக்க நடத்துகிற மைஎன்பிஏ மோடில் இது இன்னும் மோசமாகத் தெரியும். நீங்கள் 5 நிமிடக் குவார்ட்டர் ஆடுவீர்கள். மற்ற அணிகளின் ஆட்டங்களை கேம் 12 நிமிடக் கணக்கில் தானாகவே ஓட்டி முடித்துவிடும். சீசன் பாதியில் பட்டியலைத் திறந்தால் அடுத்த அணி நட்சத்திரம் சராசரி 30, உங்கள் ஆள் 12. கேம் ஏமாற்றுகிறது என்று கோபம் வரும். இப்படி கேம் தானாக ஓட்டும் (சிமுலேட் செய்யும்) ஆட்டங்களின் குவார்ட்டர் நீளத்துக்குத் தனி செட்டிங் இருக்கிறது. உங்கள் நேரத்தையும் அதையும் ஒன்றாக வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

சரி, 12 நிமிடமே வைத்துவிட்டால்? ஸ்கோர் 150க்குப் போய்விடுகிறது என்பார்கள். காரணம் நம் அவசரம். நிஜத்தில் 48 நிமிடத்தில் ஒரு அணிக்குச் சுமார் 100 முறை பந்து கிடைக்கிறது. அதாவது ஒரு முறைக்குச் சராசரி 14 நொடி. நாமோ நடுக்கோட்டைத் தாண்டியதும் வேகமாக ஓட வைக்கும் டர்போ பட்டனை அழுத்திப் பிடித்து, ஆறாவது நொடியில் எறிந்துவிடுகிறோம். பந்தை எறிய ஷாட் கிளாக் 24 நொடி தருகிறது. கூட்டாளி குறுக்கே நின்று காவலாளியை மறிக்கிற ஒரு ஸ்க்ரீன் வாங்கி, மூலைக்கு ஒரு பாஸ் கொடுத்துப் பாருங்கள், ஸ்கோர் தானாக இறங்கும். டர்போவை விடாமல் பிடித்தால் வீரனின் சக்தி வேறு கரையும். களைத்தவன் போடுகிற பந்து ரிங்கில் முட்டித் திரும்பினால் அது கேமின் பிழை அல்ல. சொல்லப்போனால் அந்த இடத்தில்தான் கேம் நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரே வீரனை உருவாக்கி வளர்க்கிற மைகேரியர் மோடில் செய்கிற தவறு வேறு மாதிரி. ஏழடி உயர ஆளை உருவாக்கிவிட்டு, அவன் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு போல பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஆசைப்படுவது. உயரம், எடை, கைவிரிப்பு மூன்றும் சேர்ந்துதான் எந்தத் திறமை எதுவரை ஏறும் என்று தீர்மானிக்கின்றன. பிறகு எவ்வளவு விசி (கேமுக்குள் செலவழிக்கிற பணம்) கொட்டினாலும் அந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது. காசைக் கொட்டுவதற்கு முன் உடம்பை யோசியுங்கள். மைடீம் சீட்டுக் கட்டு சேர்க்கிற மோட். வெவ்வேறு காலத்து வீரர்கள் ஒரே அணியில் நிற்பார்கள்; அங்கே போய் நிஜத்தைத் தேடுவது வீண்.

ஷாட் டைமிங் சரியாக விழவில்லை என்றால் முதலில் டிவியைப் பாருங்கள். ஹாலில் இருக்கிற பெரிய டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கு எடுக்கிற சிறு தாமதம் போதும், சரியான நேரத்தில் விட்டதைக் காட்டும் பச்சை விழாது. டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீரனும் பந்தை விடுகிற வேகம் வேறு என்பதால், ஒருவனிடம் பழகிய கை இன்னொருவனிடம் தவறும். ஆன்லைனில் நெட் தாமதமும் சேர்ந்துகொள்ளும்.

கோர்ட்டில் ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கேம் என்பிஏ விதியில் ஓடுகிறது. நம்மூர்ப் போட்டிகள் உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபாவின் விதியில். கேமில் ஆறாவது ஃபவுலில்தான் ஆள் வெளியே, இங்கே ஐந்திலேயே. கேமில் பந்து கையில் இருக்கும்போது ஒரு பட்டனில் டைம்அவுட் எடுக்கலாம். இங்கே ஆடுகிறவன் கேட்டு எதுவும் நடக்காது, கோச் பெஞ்சிலிருந்து கேட்க வேண்டும், அதுவும் ஆட்டம் நின்றிருக்கிற நேரத்தில், இல்லை எதிரணி கூடை போட்டதும்தான் கிடைக்கும். ரிங்கில் பட்டு மேலே உருளும் பந்தை ஃபிபாவில் தட்டிவிடலாம், என்பிஏவில் கூடாது. கேமில் பழகியவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பான்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கு. சில ஆண்டுகள் ஆனதும் பழைய பதிப்புகளின் சர்வரை மூடிவிடுகிறார்கள்; மைடீம் அதோடு போச்சு. நண்பனோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆட மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் 2கே21 முதல் 2கே24 வரையிலான பதிப்புகளைப் பார்த்து வாங்குங்கள். அவற்றில் வந்தது பழைய தலைமுறைக் கன்சோலின் ஆட்டம்தான். புதிய தலைமுறை ஆட்டம் கம்ப்யூட்டருக்கு 2கே25இல்தான் வந்தது.