இலக்கு சுடும் விளையாட்டுக்கு உரிமம் பெறுவதும் துப்பாக்கி தேர்வதும்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, அருகில் உள்ள ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராவதுதான் முதல் வேலை. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இத்தகைய கிளப்புகள் இருக்கின்றன. 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தோடும் மாநிலச் சங்கத்தோடும் அந்தக் கிளப் இணைந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் பயிற்சிக்கூடங்களிலும் நன்றாகச் சுடக் கற்றுத்தருகிறார்கள். ஆனால் பின்னால் உரிமம் கேட்கும்போதும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதும் செல்லுபடியாவது அங்கீகாரம் பெற்ற கிளப்பின் கடிதமே.

உரிமமே இல்லாமல் இந்த விளையாட்டில் வெகுதூரம் போக முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, .177 அங்குல உள்விட்டமுள்ள குழலும் 20 ஜூலுக்கு (ஆற்றலின் அலகு) மிகாத ஆற்றலும் கொண்ட, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் உங்கள் அடையாளச் சான்றை வாங்கிப் பதிவு செய்துகொள்வார். .177 அங்குலம் என்பது 4.5 மில்லிமீட்டர், ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ஆகிய இரண்டு போட்டிகளும் இதே அளவுப் பெல்லட்டில்தான் (சிறு ஈயக் குண்டு) நடக்கின்றன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் பெற்றதும் ஏர் ரைஃபிளில்தான். எனவே முதல் ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு, ஏர் துப்பாக்கியோடு நின்றுகொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகளும் விதிகளுக்கு உட்பட்ட பயிற்சியில் சேரலாம் என்பதால், குடும்பத்தோடு கற்கவும் இதுவே ஏற்ற வழி.

.22 அங்குல உள்விட்டக் குழல் கொண்ட ரைஃபிள், பிஸ்டல், 12 போர் என்ற குழல் அளவுள்ள ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) ஆகியவற்றுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சொந்தமாக உரிமம் பெற வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவை விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக .22 ரைஃபிள் கேட்டால், 14ஆம் பிரிவில் சொல்லப்பட்ட தடைகள் இல்லாத நிலையில், அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. இருபது அங்குல நீளத்துக்குக் குறையாத குழல் கொண்ட ஷாட்கன்னை விளையாட்டுக்காகக் கேட்பவருக்கும் அதே நிலைதான். பிஸ்டலுக்கு அந்தச் சலுகை இல்லை. தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி மனநிறைவு கொண்டால்தான் கிடைக்கும். ஆகவே ரைஃபிளா பிஸ்டலா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள், காகித வேலையின் கடினத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்டல்தான் வேண்டும் என்றால், போட்டிகளில் பங்கேற்ற சான்றிதழ்களும் மதிப்பெண் தாள்களும் கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஏ-1. சென்னையில் இருப்பவர்கள் மாநகரக் காவல் ஆணையரிடமும், மாவட்டங்களில் இருப்பவர்கள் மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள், உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ளன என்பதற்கான மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றதற்கான பயிற்சிச் சான்று, வீட்டில் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, கிளப்பின் உறுப்பினர் சான்றும் பரிந்துரைக் கடிதமும் ஆகியவை இணைக்கப்பட வேண்டியவை. எந்தக் காரணத்துக்காக என்ற இடத்தில் பலர் பழக்கதோஷத்தில் ‘தற்காப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கு சுடும் விளையாட்டு என்று எழுதி, எந்தப் போட்டிப் பிரிவு என்பதையும் குறிப்பிட வேண்டும். காரணம் மாறினால் சட்டப் பிரிவும் மாறும், கேள்விகளும் மாறும். ஆயுதத்தை எந்த எல்லைக்குள் எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள் என்ற கேள்வியும் சாதாரணமானது அன்று. போட்டிகளுக்காக வெளி மாநிலம் போக வேண்டியிருக்கும் என்றால், இந்தியா முழுவதும் என்று கேட்டு, அதற்கான காரணத்தைக் கிளப் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பழைய வழக்கு எதுவாக இருந்தாலும், முடிந்துபோனதாக இருந்தாலும், மறைக்கக் கூடாது. முக்கியமான தகவலை மறைத்துப் பெற்ற உரிமத்தைப் பின்னால் ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு; மறைத்தது தெரியவந்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிதாகிவிடும். விண்ணப்பம் போனபின் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பார். சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரியைத் திறந்து காட்டி, தோட்டாக்கள் வேறொரு பூட்டின் கீழ் இருக்கும் என்று சொல்ல முடிந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். சொத்து இல்லை, போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதால், வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. மறுத்துவிட்டால் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தகுதி பெற்ற போட்டியாளர்களுக்கு இந்த எண்ணிக்கையில் தளர்வு உண்டு என்றாலும், தொடக்கக்காரர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. உரிமம் கிடைத்ததும் அதில் குறித்த காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கி, ஆய்வுக்குக் காட்டிப் பதிய வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி நெருங்கும் நேரமாக இருந்தால் கிளப் கடிதத்தோடு விலக்குக் கேட்டு உடனே மனுக் கொடுங்கள்.

இனித் துப்பாக்கித் தேர்வு. எந்தக் கண் ஓங்கிய கண், அதாவது குறிபார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை விட்டு, தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே ஓங்கிய கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருந்தால், எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்த பிறகே ரைஃபிள் பார்க்கப் போக வேண்டும்.

ஏர் ரைஃபிளின் எடை விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த எடையைத் தாங்கி நின்று, 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். இலக்கின் நடுவில் உள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டர். எனவே விலையைவிட உடலுக்குப் பொருந்துவதே முக்கியம். கடையிலோ கிளப்பிலோ சுடும் நிலையில் நின்று, கண்களை மூடி, ரைஃபிளைத் தோளில் பொருத்தி, கன்னத்தைத் தாங்கியில் இயல்பாகச் சாய்த்து, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். குறிபார்க்க ரைஃபிளின் மேல் பொருத்தியிருக்கும் பின் குறியின் துளைக்கு நடுவே முன் குறியின் வளையம் தானாகவே வந்து அமர்ந்திருக்க வேண்டும். கன்னத்தை அழுத்தியோ கழுத்தை நீட்டியோ பார்க்க வேண்டியிருந்தால், கன்னத் தாங்கியின் உயரத்தையும் தோளில் பொருந்தும் பின்கட்டையின் நீளத்தையும் மாற்ற முடிகிற மாடலா என்று கேளுங்கள். முடியாது என்றால், எவ்வளவு பேர்பெற்ற நிறுவனமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிஸ்டலில் கைப்பிடிதான் எல்லாம். வலது, இடது, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மரக் கைப்பிடிகள் வருகின்றன. அதன்பிறகும் உப்புத்தாள் கொண்டு தேய்த்தும், மரப்பசை கொண்டு மேடு வைத்தும் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்வது வழக்கம். ஏர் பிஸ்டலின் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிகர்) குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் எடை தொங்கவிட்டுச் சோதிப்பார்கள்.

பயிற்சிக்கு ப்ரீசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களின் ஏர் ரைஃபிள்கள் போதும். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஸ்டெயர், மொரினி போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் துப்பாக்கிகள் லட்சங்களில் விலை போகிறவை. மதிப்பெண் நிலைபெற்ற பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கலாம். .22இல் துப்பாக்கிக்கு இணையாகத் தோட்டாவும் முக்கியம்: ஒரே நிறுவனத்தின் தோட்டாக்களே தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டுச் சிதறும் என்பதால், உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்தே மொத்தமாக வாங்க வேண்டும்.

பழைய ஏர் துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் சுடுவதற்கான அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி உருளையின் ஆயுள் பத்தாண்டுகளே. அதைத் தாண்டியிருந்தால் புதிய உருளையின் விலையையும் சேர்த்து, அந்த மாடலுக்கு உருளை இன்னும் கிடைக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு பேரம் பேசுங்கள்.