மலைக்குளிரில் ப்ளைவுட் மீன் தொட்டி: பூச்சுதான் எல்லாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்து மற்றதை ப்ளைவுட்டில் செய்துகொள்வது நல்லது. மரம் கண்ணாடியைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும், அதனால் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் ஹீட்டர் ஓயாமல் ஓட வேண்டியதில்லை.

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 450 கிலோ. பழைய எஸ்டேட் வீடுகளில் மரத்தளம் என்றால் முதலில் அடியில் உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

பலகை 19 மி.மீ., ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளை, அதாவது தண்ணீர் தாங்கும் ப்ளைவுட். ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரண ப்ளை விலை குறைவுதான், ஆனால் எப்போதும் தண்ணீரோடு இருக்கிற வேலைக்கு அதை வாங்காதீர்கள். மழை நாளில் வாங்கி வந்தால் ஒரு வாரம் வீட்டுக்குள் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். மூட்டுகளில் எபாக்ஸி பசை (ரெசினோடு ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்தால் கெட்டியாகும் பசை) தடவி, 5 அங்குலத்துக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. முன்பலகையில் கண்ணாடிக்காக ஜன்னல் வெட்டும்போது நாலு பக்கமும் 2 அங்குலம் சட்டமாக விட்டுவிடுங்கள், மேலே நடுவில் குறுக்காக ஒரு பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் தண்ணீர் நிரம்பியதும் முன்பக்கம் வெளியே பிதுங்கும்.

இனி எபாக்ஸி. வேலையே இதில்தான் இருக்கிறது, மலையில் பலருக்குக் கெடுவதும் இங்கேதான். குளிரில் அது இறுகவே இறுகாது, ஈரக்காற்றில் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் கிளம்பும், விரலை ஓட்டினால் சோப்புத் தடவியது மாதிரி வழுக்கும். அதன் மேலேயே அடுத்த பூச்சு அடித்தால் பிறகு தகடு தகடாக உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த பூச்சு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றவே கூடாது, அளவு மாறினால் என்றைக்கும் முழுசாக இறுகாது. டப்பாவில் போட்டிருக்கும் எடை விகிதப்படி தராசில் எடை போட்டே கலக்குங்கள். முடிந்தால் மார்ச், ஏப்ரலில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் சின்ன அறையில் மின்சார ஹீட்டர் போட்டு இருபது டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். குமுட்டி அடுப்பு வேண்டவே வேண்டாம், மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

மூலைகளில் கெட்டியான எபாக்ஸியை விரலால் வளைவாக இழுத்து, மேலே ஃபைபர் துணிப் பட்டை ஒட்டி, பிறகு உள்பக்கம் முழுக்க மூன்று பூச்சு. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று போட்ட எபாக்ஸியாகப் பார்த்து வாங்குங்கள். வெளிப்பக்கத்துக்கும், வெட்டிய விளிம்புகளுக்கும் ஒரு பூச்சு அவசியம், நம் ஊர் மூடுபனி வெளியிலிருந்தும் மரத்துக்குள் இறங்கும்.

கண்ணாடி 12 மி.மீ., விளிம்பு தேய்த்தது. அதை உள்பக்கமிருந்து சட்டத்தின் மேல் ஒட்ட வேண்டும், அப்போதுதான் தண்ணீரின் அழுத்தமே அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு, மீன் தொட்டிக்கென்றே வரும் சிலிக்கானைத் தாராளமாக இட்டு ஒரே சீராக அழுத்துங்கள். பாத்ரூம் சிலிக்கானில் பூஞ்சைக்கான மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வைத்தே இறுகுவதால் பனிமூட்டம் அதற்குக் கெடுதல் இல்லை, குளிர்தான் தாமதப்படுத்தும், அதனால் வினிகர் வாசனை அறவே போகும்வரை, குறைந்தது பத்து நாள், தொடாதீர்கள்.

சரி, இனி சோதனை. ரசமட்டம் வைத்துத் தொட்டியைச் சமமாக நிறுத்தி, முதல் நாள் கால்வாசி, மறுநாள் பாதி, அப்புறம் முழுசு. அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவிட்டால் ஒரு சொட்டு கசிந்தாலும் தெரிந்துவிடும். ஒரு வாரம் அப்படியே நின்ற பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். மீன் அதற்குப் பிறகுதான், அதுவும் முதலில் குளிர் தாங்கும் கோல்டு ஃபிஷ் இரண்டு போதும்.